ஏலம் கேட்டவர்களும் விலை கொடுத்தவர்களும்



எங்கள் சேமிப்புக் குழுவுக்கு ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு எங்கள் ஊர் அக்கா ஒருவரிடமும், மற்றது மெயின் றோட்டுக்கு அங்கால் உள்ள முஸ்லிம் ஊரில் ராத்தா ஒருவரிடமும் இருக்கும். இருவரும் வந்தால்தான் பெட்டியைத் திறக்கலாம். பன்பாய் இழைக்கும் இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்த குழு அது. பன் வெட்டுகிற கூலி, சாயம், லொறிக் கூலி எல்லாம் பொதுவில்தான். யுத்தம் முடிந்து எல்லோரும் வெறுங்கையோடு இருந்த நாட்களில், தனித்தனியே சாயம் வாங்கக் காசு காணாது என்பதற்காகச் சேர்ந்தோம். வேறு பெரிய இலட்சியம் எதுவும் இருக்கவில்லை.

அக்காவின் கணவரை 1990இல் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. ராத்தாவின் தம்பி அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் தொழப்போன இடத்தில் சுடப்பட்டு இறந்தவர். இவற்றை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லி அறிந்ததில்லை. தெரியும், அவ்வளவுதான்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதிக்குப் பிறகு ராத்தாவின் திறப்பு ஏழு மாதம் வரவில்லை. யாரும் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. ஒரு தடித்த வார்த்தை கூடப் பேசவில்லை. கணக்குக் கொப்பியில் அந்த ஏழு மாதப் பக்கங்களும் வெறுமையாகக் கிடக்கின்றன. போன மாதக் கூட்டத்தில், இப்போது எங்களுக்குக் கணக்கு எழுதும் பிள்ளை அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "மாமி, இந்தப் பிரிவினைய முதல்ல ஆர் தொடக்கினது?"

அவளுக்கு வயது இருபத்திரண்டு. ஒருவர் '83 என்றார். ஒருவர் '90 என்றார். மூலையில் இருந்த வயதான அம்மா ஒருவர், "58இல தார் வாளி தூக்கினாங்களே, அண்டைக்கே எல்லாம் முடிஞ்சுது" என்றார். என்னைக் கேட்டபோது, இது வாயால் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். ஆகவே இம்மாதப் பக்கம் அந்தப் பிள்ளைக்கு.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மைப் பிரித்த தலைவர்களில் பலர், பிரிக்கக்கூடாது என்று அறியாதவர்கள் அல்லர். அறிந்தவர்கள். இதுதான் எனக்கு வயது ஏற ஏற அதிகம் நெஞ்சில் தைக்கிறது.

எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1926இல், ஒக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்த இளைஞராக இருந்தபோது, இந்த நாட்டுக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தம் என்று எழுதினார். யாழ்ப்பாணத்துக்கே போய் அதைப் பேசினார். அப்போது தமிழர்களே அதைக் கேட்டிருக்கவில்லை. ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்க சபையில் சிங்களத்தை அரச மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தவர். ஆனால் 1944 மே மாதம் அது விவாதத்துக்கு வந்தபோது, நமது கிழக்கின் பிரதிநிதியாக இருந்த வி. நல்லையா தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவர, அதை ஏற்றுக்கொண்டார். சபையும் பெரும்பான்மையோடு ஏற்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 1951இல் தொடங்கப்பட்டபோது அதன் கொள்கையிலும் சிங்களமும் தமிழும் என்று இரண்டு மொழியும் இருந்தன.

பிறகு என்ன நடந்தது? தேர்தல் நடந்தது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் விடிய மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் ஆயிரம் என்பார். மற்றவர் ஆயிரத்து இருநூறு என்பார். முதலாமவர் ஆயிரத்து ஐந்நூறுக்குப் போவார். ஆனால் ஓர் இடத்தில் நிற்பார்கள். ஏனென்றால் கூட்டிக் கேட்டவர் தன் மடியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வாய் தடுமாறிக் கூடக் கேட்டவருக்கு அன்றைக்கு வீட்டில் உலை ஏறாது. அரசியல் ஏலத்தில் அப்படியொரு தடை இல்லை. கேட்கிறவர் ஒருவர், விலை கொடுக்கிறவர் இன்னொருவர். ஆகவே அது நிற்பதே இல்லை.

1950களின் நடுப்பகுதியில் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல யாழ்ப்பாணத்துக்கு வந்து இரண்டு மொழிக்கும் சம அந்தஸ்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியது. சுதந்திரக் கட்சி தன் பழைய கொள்கையைக் கைவிட்டுத் தனிச் சிங்களம் என்றது, அதையும் 24 மணித்தியாலத்தில் செய்து காட்டுவோம் என்றது. இதைக் கண்ட ஐக்கிய தேசியக் கட்சியும் 1956 பெப்ரவரியில் களனியில் கூடி, தானும் தனிச் சிங்களமே என்று தீர்மானித்தது. ஏலத்தில் பிந்தி வந்து கூட்டிக் கேட்டும் பலனில்லை. அந்தத் தேர்தலில் அக்கட்சிக்கு எட்டு ஆசனங்களே கிடைத்தன. பண்டாரநாயக்க பிரதமரானார். ஜூன் 5ஆம் திகதி மசோதா வந்தது. அன்று காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த நாட்களில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் நம்மவர்கள் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டார்கள். மேடையில் பேசியவர்கள் யாரும் கல்லோயாவில் இருக்கவில்லை.

இந்த இடத்தில் அக்கா இடைமறித்துக் கேட்டது நினைவிருக்கிறது. "சனம் விரும்பாமலா தலைவர் கதைக்கிறார்? சனம் கைதட்டினபடியால்தானே?" நியாயமான கேள்வி. சிங்களக் கிராமங்களில் படித்த இளைஞர்களுக்கு அன்று கோபம் இருந்தது உண்மை. ஆங்கிலம் தெரிந்த சிறு கூட்டத்துக்கே உத்தியோகம் கிடைத்தது. கச்சேரிக்குப் போனால் அவர்களுக்கு விளங்காத பாஷையில் கடிதம் வந்தது. ஆனால் அதே கடிதம் படுவான்கரைத் தமிழ் விவசாயிக்கும் விளங்கவில்லை, சம்மாந்துறை முஸ்லிம் விவசாயிக்கும் விளங்கவில்லை. கோபம் எல்லோருக்கும் பொது. அந்தக் கோபத்துக்கு விலாசம் எழுதிக் கொடுத்தவர்கள்தான் தலைவர்கள். 'உன் வேலையைப் பறித்தவன் இதோ, பக்கத்து வீட்டில் இருக்கிறான்' என்று எழுதினார்கள்.

பண்டாரநாயக்க தான் செய்ததன் விளைவைக் கண்டார் என்றே நினைக்கிறேன். 1957 ஜூலை 26ஆம் திகதி தந்தை செல்வாவோடு ஒப்பந்தம் செய்தார். பிரதேச சபைகள், அவற்றுக்கு விவசாயம், கல்வி, குடியேற்றம் முதலியவற்றில் அதிகாரம், வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம். பெரிய சமஷ்டி அல்ல. ஆனால் அது நிறைவேறியிருந்தால் நம்மில் எத்தனை பேரின் பிள்ளைகள் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள் என்று கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அந்த ஒப்பந்தம் கெட்டது என்று சொல்லி, ஒக்டோபர் மாதம் ஜே.ஆர். ஜெயவர்தன கொழும்பிலிருந்து கண்டி தலதா மாளிகைக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். 1944இல் தமிழுக்குச் சம்மதித்த அதே மனிதர். யாத்திரை இம்புல்கொடவுக்கு மேல் போகவில்லை. அரச தரப்பு எம்.பி. ஒருவர் ஆட்களோடு றோட்டை மறித்துத் திருப்பி அனுப்பினார். ஆனால் ஏலத்தில் விலை ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. இங்கே நம்முடைய ஆட்கள் அதில் தார் பூசினார்கள். அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். எங்கள் மூலை அம்மா சொன்ன தார் வாளி இதுதான். அவர் அப்போது சிறுமி. பஸ்ஸுக்குத் தார் பூசியதைப் பார்த்துக் கைதட்டியதாகச் சொன்னார். "விளையாட்டெண்டு நினைச்சம் மனே."

1958 ஏப்ரல் 9ஆம் திகதி, கொழும்பு றொஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு முன்னால் பிக்குமார் வந்து உட்கார்ந்தார்கள். மாலைக்குள் அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். வாயால் சொன்னது போதாது என்று எழுத்திலும் வாங்கிக்கொண்டு போனார்கள். மே மாதம் கலவரம். தென்னிலங்கையிலிருந்து நம் சனத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டிவந்தது. 1959 செப்ரெம்பரில் பண்டாரநாயக்கவை அவருடைய வீட்டிலேயே சுட்டவர் ஒரு பிக்கு. அதற்குச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்டவர், 1956 வெற்றிக்கு முன்நின்று உழைத்த களனி விகாரையின் தலைமைப் பிக்கு. தான் ஏற்றிவிட்ட விலையை அவரும் கடைசியில் கொடுத்தார். இதைச் சொல்லிச் சந்தோஷப்பட எனக்கு மனமில்லை. அவர் வீட்டிலும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

இதற்குப் பிறகு வருவது இன்னும் விசித்திரம். 1957இல் பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்தது ஐக்கிய தேசியக் கட்சி அல்லவா? 1965 மார்ச் மாதம் அக்கட்சியின் தலைவர் டட்லி சேனநாயக்க தானே தந்தை செல்வாவோடு இன்னொரு ஒப்பந்தம் செய்தார். இப்போது எதிர்ப்பது யார்? சுதந்திரக் கட்சி. அதோடு இடதுசாரிகளும். 1956இல் தமிழுக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடியவர்கள் அவர்கள். தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் வந்த 1966 ஜனவரி 8ஆம் திகதி கொழும்பில் ஊர்வலம் போனார்கள். பொலிசார் சுட்டதில் இளம் பிக்கு ஒருவர் இறந்தார். டட்லியின் வயிற்றுக்குள் மசாலா வடை என்று அந்நாட்களில் கோஷம் போட்டார்கள். தமிழருக்கு விட்டுக்கொடுத்தவர் தமிழரின் வடையைத் தின்றவராம். வடை என்ன பாவம் செய்தது? மாவட்ட சபை மசோதாவும் 1968இல் கைவிடப்பட்டது.

ஜே.ஆர். கதைக்கு முடிவு 1987இல். முப்பது ஆண்டுக்கு முன் பிரதேச சபைக்கு எதிராக நடந்தவர், ஜூலை 29ஆம் திகதி இந்தியாவோடு ஒப்பந்தம் செய்து மாகாண சபைகளைக் கொண்டுவந்தார். இடையில் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்திருந்தது. 1983 ஜூலை நடந்திருந்தது. இரண்டும் அவர் ஆட்சியில். இப்போது சுதந்திரக் கட்சி எதிர்த்தது, ஜே.வி.பி. ஆயுதத்தோடு எதிர்த்தது. 2000 ஓகஸ்டில் சந்திரிகா புதிய அரசியலமைப்பு வரைபைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது, எதிர்க்கட்சியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சியினர் சபைக்குள்ளேயே அதன் பிரதிகளை எரித்தார்கள். ஆட்சியில் இருக்கும்போது தேவைப்படுவது எதிர்க்கட்சிக்குப் போனதும் நாட்டைப் பிரிப்பதாகிவிடுகிறது. கதிரை மாறினால் கொள்கையும் மாறும். நான் படித்த வரையில், தெற்கின் இரு பெரிய கட்சிகளும் ஒரே நேரத்தில் நம் பிரச்சினையில் ஒத்துப்போன நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

பெண்கள் தலைவர்களானால் மாறும் என்றும் ஒரு காலத்தில் நம்பினோம். உலகின் முதற் பெண் பிரதமர் நம் நாட்டில் 1960இல் வந்தார். அடுத்த ஆண்டு வடக்குக் கிழக்கில் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தபோது பெண்களும் குழந்தைகளோடு வந்து இருந்தார்கள். ஏப்ரலில் இராணுவம் வந்து அப்புறப்படுத்தியது. 1972 அரசியலமைப்பும் அந்த அம்மையாரின் காலத்தில்தான். மகள் சந்திரிகா 1994இல் சமாதானம் என்று வந்தபோது நாம் எவ்வளவு ஆசைப்பட்டோம் என்பது இதை வாசிக்கும் மூத்த சகோதரிகளுக்கு நினைவிருக்கும். அடுத்த ஏப்ரலில் மறுபடி சண்டை.

இதுவரை எழுதியதைக் குழுவில் வாசித்துக் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொன்னால் தலையாட்டுவது லேசு. இனி வருவதற்கு அப்படித் தலையாட்டவில்லை.

நமக்குள்ளும் ஏலம் நடந்தது. நம்முடைய ஏலத்தில் ஒரேயொரு சொல்: துரோகி. 1970களில் கூட்டணி மேடைகளில், அரசோடு சேர்ந்து நின்ற தமிழர்களை அப்படி அழைத்தார்கள். யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா அவர்களில் முதன்மையானவர். 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மேடையில் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆனால் சொல் போன பாதையில் குண்டு போனது. அப்போது நம்மில் பலர் வாய் திறக்கவில்லை. சிலர் மகிழ்ந்தோம். பதினான்கு ஆண்டு கழித்து, 1989 ஜூலையில், கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தையும் அதே சொல் தேடி வந்தது. அவரோடு கொல்லப்பட்ட யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998இல் யாழ்ப்பாண மேயரானார். காவல் வேண்டாம் என்றிருந்த அந்த அம்மையாரையும் அதே ஆண்டு மே மாதம் வீட்டில் வைத்துச் சுட்டார்கள். வைத்தியர் ராஜினி திராணகம 1989 செப்ரெம்பரில் கொல்லப்பட்டார். இரு பக்கத்து ஆயுதத்தாலும் பெண்கள் பட்ட பாட்டை எழுதி வைத்தவர் அவர்.

இதை எழுதும்போது ஒரு சகோதரி எழுந்து போனார். அவருடைய இரண்டு பிள்ளைகள் இயக்கத்தில் இருந்து மாண்டவர்கள். அவருடைய துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அவருடைய பிள்ளைகள் விலை கொடுத்தவர்கள், ஏலம் கேட்டவர்கள் அல்லர். அதை அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார்.

கிழக்கில் நமக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்ததையும் பார்ப்போம். 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியில் நின்று வென்றவர்கள் இரண்டு முஸ்லிம்கள். 1977 தேர்தலில் எம்.எச்.எம். அஷ்ரஃப் கூட்டணிக்காக மேடையேறினார். கணக்கு எழுதும் பிள்ளை இதை நம்பவே இல்லை. "உண்மையாவா மாமி?" என்று இரண்டு தரம் கேட்டாள். வென்றவர்கள் பிறகு கட்சி மாறினார்கள், அது வேறு கதை. நாங்களும் அவர்களைத் தமிழ் பேசும் மக்கள் என்று மேடையில் அணைத்துவிட்டு, முடிவெடுக்கும் மேசையில் கதிரை போடவில்லை. 1985 ஏப்ரலில் காரைதீவில் மோதல் வந்தது. அரசாங்கம் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படைக்குத் துவக்குக் கொடுத்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்ததைப் புலிகள் செய்தார்கள். அதே நாட்களில் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். செப்ரெம்பரில் சத்துருக்கொண்டான். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் மிகக் குறுகிய அவகாசத்தில் விரட்டப்பட்டார்கள். அதை எதிர்த்து அன்று வாய் திறந்த தமிழ்த் தலைவர்கள் மிகக் குறைவு. இந்தப் பந்தியை வாசித்தபோது ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்காவும் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிக் கொஞ்சம் சமையலறைக்கு வருவோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் கூடிக் கடையை அடித்தது, பள்ளிவாசலையும் தாக்கியது. சிங்களப் பெண்களின் கர்ப்பப்பையை அழிக்கச் சதி என்று பல வருடங்களாகவே சில கடும்போக்குப் பிக்குமாரும் அரசியல்வாதிகளும் பேசி வந்தார்கள். அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்துச் சொன்னது, அது மாக்கட்டி என்று. மாக்கட்டி, சகோதரிகளே! கறிக்கு மா கரைக்கும்போது சரியாகக் கலக்காவிட்டால் கட்டிபடும் என்று நம் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சாப்பாட்டில் போட்டால் மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகிலேயே இல்லை. ஆனால் மேடையில் பேசியவர் சமைத்தவரும் அல்லர், மருந்து படித்தவரும் அல்லர். ஒரு வாரத்துக்குள் திகன எரிந்தது. அது நடந்தபோது எங்கள் ஊரிலும் சிலர், "அவங்கட கடையில சாப்பிடாதங்கோ" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். யார் வாயிலிருந்து வந்தது என்று தேடிப்பார்த்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள்.

இனி அந்த ஏழு மாதத்துக்கு வருகிறேன்.

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, தன்னை 2015இல் வெல்ல வைத்த பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவை நியமித்தார். ஏழு வாரம் நாட்டில் இரண்டு பிரதமர். உயர்நீதிமன்றம் தலையிட்டு டிசம்பரில் ரணில் திரும்பி வந்தார். ஆனால் இருவரும் பேச்சில்லை. பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரை அழைக்கவில்லை. 2019 ஏப்ரல் ஆரம்பத்தில், தேவாலயங்களைத் தாக்கப் போகிறார்கள் என்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. அந்தக் கடதாசி மேசைகளில் கிடந்தது. உயிர்த்த ஞாயிறு அன்று நாட்டில் 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நமது மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பல பேர் சிறு பிள்ளைகள். குண்டை வைத்தவர்கள் கொலைகாரர். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் தடுக்கக்கூடியதைத் தடுக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் நட்டஈடு கட்டச் சொன்னது. கோபத்தில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் வீட்டில் சோறு குழையும், பிள்ளை பள்ளிக்குப் பிந்திப் போகும். நாட்டின் முதல் இரண்டு கதிரைகளிலும் இருப்பவர்கள் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று நாம் கண்டோம்.

அதன் பிறகு ஏலம் மறுபடி தொடங்கியது. முஸ்லிம் கடையில் வாங்காதே என்று தெற்கிலும் சொன்னார்கள், இங்கேயும் சொன்னார்கள். மே மாதம் குருநாகல், புத்தளம், கம்பஹாப் பக்கங்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அந்தப் பயமே மூலதனமானது. அடுத்த ஆண்டு கொரோனா வந்தபோது, உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியும், இறந்த முஸ்லிம்களை வலுக்கட்டாயமாக எரித்தார்கள். 2021 பெப்ரவரி வரை அது நடந்தது. காணாமல் போனவர்களுக்காகப் பிணமாவது கிடைக்காதா என்று அலைந்த நமக்கு, அந்த உம்மாமாரின் வேதனை விளங்காமல் போக நியாயமில்லை. ஆனாலும் அன்று நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? நானும் இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. கைகூடவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

எங்கள் குழுவில் யாரும் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேர் அக்காவிடம் வந்து, "அவங்களோட காசு வைச்சிருக்கிறது புத்தியில்ல" என்றார்கள். அங்கே ராத்தாவிடம், "அந்தப் பக்கம் போனா அடிவிழும்" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேரும் தத்தம் வீட்டில் இருந்துகொண்டு, மற்றவர் தன்னை வெறுக்கிறார் என்று நம்பினார்கள். இதை நான் பிறகு இருவரிடமும் தனித்தனியே கேட்டறிந்தேன். ஒரே பயம், ஒரே சொல்.

நவம்பரில் அக்காவின் பேரப்பிள்ளைக்கு டெங்கு. தட்டணுக்கள் இறங்கி, கையில் காசில்லாமல் பெட்டியின் முன் இருந்து அழுதார். இரவு ஏழு மணிக்கு நானும் அவரும் றோட்டைக் கடந்து போனோம். ராத்தாவின் படலை பூட்டியிருந்தது. அக்கா கூப்பிடவில்லை. தகரத்தில் மெல்லத் தட்டினார். உள்ளே லைற்றை நிறுத்தினார்கள். பயந்துவிட்டார்கள். அப்போதுதான் அக்கா, "ராத்தா, நான்தான். புள்ளைக்கு ஏலா" என்றார்.

அவர் திறப்பைத் தரவில்லை. திறப்பை எடுத்துக்கொண்டு தானே கூட வந்தார். நடந்து வரும் வழியில் யாரும் கதைக்கவில்லை. பெட்டியைத் திறந்து காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஏழு மாசச் சந்தா நான் கட்டல்ல, அதையும் எழுதுங்க" என்றார்.

2024 செப்ரெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இந்தக் குழுவிலேயே தாயும் மகளும் பிரிந்தார்கள். தாய் தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குக்குப் போடாதவள் தமிழிச்சியா என்றார். மகள் தேசிய மக்கள் சக்திக்குப் போட்டாள். ஒரு மாதம் ஒரே வீட்டில் இரண்டு உலை. நவம்பர் பொதுத் தேர்தலில் அக்கட்சி நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐ வென்றது, வெல்லாத ஒன்று நமது மட்டக்களப்பு. அதைச் சொல்லி இருவரும் மறுபடி சண்டை. இப்போது ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். யார் மனம் மாறியது என்று கேட்டேன். ஒருவரும் மாறவில்லையாம். காஸ் சிலிண்டர் விலை கட்டவில்லையாம்.

கணக்கு எழுதும் பிள்ளையின் கேள்விக்கு இதுதான் என்னால் கொடுக்கக்கூடிய பதில். முதலில் யார் என்று ஒரு பெயர் கேட்டாள். ஒரு பெயர் இல்லை. தேர்தல்தோறும் ஒரு பெயர் உண்டு. இனி மேடையில் ஒருவர் நம்மைப் பார்த்து 'அவர்கள்' என்று சொல்லும்போது, போன தடவை இவர் எந்தப் பக்கம் இருந்தார், அப்போது என்ன சொன்னார் என்று அவள் தேடிப் பார்க்கட்டும். அவளிடம் போன் இருக்கிறது.

இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் வருகிறார்கள். மூன்று பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம், 2019க்குப் பிறகு வரவில்லை. அவர்களின் பாஸ் புத்தகங்கள் பெட்டியின் அடியில் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் அவற்றிலும் வட்டியை எழுதிவிட்டுத்தான் இரண்டு பூட்டையும் பூட்டுகிறோம்.